முந்திச் சிரித்தவர்கள்

அந்த மனிதர் செய்த தப்பு ஒன்றே ஒன்றுதான். ராஜினாமாக் கடிதத்தில் உண்மையை எழுதிவிட்டார்.

“சொந்தக் காரணங்களுக்காக” என்று ஒற்றை வரி எழுதிவிட்டு நடையைக் கட்டியிருந்தால் ஒரு தொந்தரவும் இல்லை. உலகத்தில் உள்ள அத்தனை அலுவலகங்களும் அந்த வரியைக் கண்டதும் ஒதுங்கி வழி விட்டிருக்கின்றன. இவர் என்னடாவென்றால், காரணம் கேட்கிறார்களே, மரியாதையாகப் பதில் சொல்ல வேண்டாமா என்று, “கோமாளியாகத் தொழில் செய்யப் போவதால்” என்று எழுதி, அடியில் கோடும் இழுத்துக் கொடுத்துவிட்டார். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுப்பது என்றால் இதுதான்.

அவருக்கு அலுவலகம் வைத்த பெயர் உம்மணாமூஞ்சி. கூப்பிட நீளமாக இருக்கிறதென்று அதையும் வெட்டி உம்மு ஆக்கிவிட்டார்கள். ஆள் தங்கமானவர், முகம்தான் அப்படி. சந்தோஷமாக இருக்கும்போதுகூட, சற்று முன் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தவர் மாதிரி இருப்பார். கல்யாணத்தன்று போட்டோக்காரர் “கொஞ்சம் சிரிங்க சார், கொஞ்சமே கொஞ்சம்” என்று கெஞ்சிக் கெஞ்சித் தொண்டை வறண்டு, கடைசியில் பெண்ணையே இரண்டு பேருக்கும் சேர்த்துச் சிரிக்கச் சொல்லிப் படம் எடுத்தார்.

அந்த முகத்துக்குத்தான் யோகம் அடித்தது. மகளின் பள்ளி ஆண்டுவிழாவுக்கு வர வேண்டிய கோமாளிக்குக் காய்ச்சல். “யாராவது இந்தச் சிவப்பு மூக்கை மாட்டிக்கிட்டு அஞ்சு நிமிஷம் நில்லுங்களேன்” என்று ஆசிரியை அலைந்தபோது, மாட்டேன் என்று சொல்லத் தெரியாத உம்மு அகப்பட்டார். மேடை ஏறினார். என்ன செய்வதென்று தெரியவில்லை, நின்றார். சரி, உட்காரலாம் என்று பின்பக்கமாக நகர்ந்தால், நாற்காலியை யாரோ எடுத்துப் போயிருந்தார்கள். அவர் தரையிலிருந்து எழுந்து நாற்காலி இருந்த இடத்தை ஒரு பார்வை பார்த்தார். அவ்வளவுதான். பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டார்கள்.

அன்றிலிருந்து ஞாயிறு தவறாமல் பூங்காவில் மூக்கை மாட்டிக்கொண்டு நிற்க ஆரம்பித்தார். ஊர் ஊராகப் போய் வேடிக்கை காட்டும் ஒரு கோமாளிக் குழுவின் தலைவி அதைப் பார்த்துவிட்டு நேராக வந்து கேட்டார். “எங்ககூட வந்துடுறீங்களா? வெள்ளிக்கிழமை மத்தியானம் வண்டி கிளம்புது. வர்றதுன்னா வாங்க. இல்லேன்னா இன்னொருத்தர் ரெடியா இருக்கார், அவரக் கூட்டிட்டுப் போயிடுவோம்.” அதனால்தான் அந்த ராஜினாமா.

இனி அலுவலகத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் கதை ஓடாது. மனு ஏற்பு ஆணையம் என்று அதற்குப் பெயர். மக்கள் கொடுக்கும் மனுக்கள் வந்து சேர்ந்தன என்று ஒத்துக்கொள்வது அதன் பணி. மனுவைப் படிப்பதோ, அதற்கு ஏதாவது செய்வதோ அதன் பணி அல்ல. அதற்கு வேறோர் அலுவலகம் இருப்பதாகச் சொல்லிக்கொண்டார்கள். நேரில் பார்த்தவர் யாரும் இல்லை. ஒரு மனு பரிசீலனையில் இருக்கிறதா, தீவிரப் பரிசீலனையில் இருக்கிறதா என்று தீர்மானிப்பது உம்முவின் மேசை. எப்படித் தீர்மானிப்பது என்று சேர்ந்த புதிதில் கேட்டார். “கையில தூக்கிப் பாருங்க. கனமா இருந்தா தீவிரம்” என்று சொல்லிக் கொடுத்தார்கள்.

இந்த ஆணையத்தின் இயக்குநருக்கு “ஆகவே” என்று பட்டப்பெயர். எந்தப் பேச்சையும் அவர் ஆகவே என்றுதான் தொடங்குவார். எதனால் ஆகவே என்று கேட்கிற வழக்கம் அங்கே கிடையாது. அந்தச் சொல் காதில் விழுந்ததும் எதிரே உள்ள அத்தனை தலைகளும் ஒருமுறை ஆடும்.

தலை ஆடுவதற்கே ஒழுங்கு உண்டென்றால் சிரிப்புக்குச் சொல்ல வேண்டுமா? திங்கட்கிழமைக் கூட்டத்தில் ஆகவே ஒரு நகைச்சுவை சொல்வார். முதலில் அவரே சிரிப்பார். அவர் சிரித்து முடித்ததும் துணை இயக்குநர் சிரிப்பார். அப்புறம் கண்காணிப்பாளர்கள், அப்புறம் எழுத்தர்கள், கடைசியில் கதவோரம் நிற்பவர்கள். மேலே இருப்பவர் முடிக்கும் முன் யாராவது சிரித்துத் தொலைத்தால் “முந்திச் சிரித்தமைக்கு விளக்கம் தருக” என்று மெமோ வந்து மேசையில் உட்கார்ந்துவிடும். ஒரு தட்டச்சர் அம்மாளின் தும்மலைச் சிரிப்பென்று எடுத்துக்கொண்டு விசாரணை நடத்தி, அது தும்மல்தான் என்று நிரூபிக்க அவர் மறுபடி தும்மிக் காட்ட வேண்டியதாயிற்று. உம்முவுக்கு மட்டும், முகத்தை முன்னிட்டு, சிரிப்பிலிருந்து விலக்கு அளித்திருந்தார்கள்.

ராஜினாமாவைப் படித்த தலைமை எழுத்தரம்மா நெற்றியில் அடித்துக்கொண்டார்.

“ஐயோ சார், சொந்தக் காரணம்னு எழுதிட்டுப் போக வேண்டியதுதானே?”

“அது பொய் இல்லீங்களா?”

“பொய்தான். அது எல்லாருக்கும் தெரியும், அதனால யாரும் ஒண்ணும் கேக்க மாட்டோம். நீங்க உண்மைய எழுதி வெச்சிருக்கீங்க. இப்ப அத நாங்க சரிபார்க்கணுமே! கோமாளியச் சரிபார்த்து எங்களுக்குப் பழக்கம் ஏது?”

கடிதம் ஆகவேயின் அறைக்குப் போயிற்று. அதன் பின்னாலேயே உம்முவும் போனார்.

“ஆகவே,” என்றார் இயக்குநர். உம்முவின் தலை ஆடியது. “கோமாளியாகணும்னா வெளிய எதுக்குப்பா போகணும்? இங்க என்ன குறைச்சல்?”

சொன்ன பிறகு அது அவருக்கே ஒரு மாதிரி இருந்திருக்க வேண்டும். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டினார்.

“நானும் கலைஞன்தான், தெரியுமா? திங்கக்கிழமை ஜோக்கெல்லாம் யாரு எழுதறாங்கன்னு நினைக்கிறே? நானே. ஞாயித்துக்கிழமை பூரா உக்காந்து எழுதறேன். எழுதி முடிச்சதும் வீட்ல சொல்லிப் பாப்பேன். என் வீட்டுக்காரி சிரிக்கவே மாட்டா. அவளுக்கு நான் மேலதிகாரி இல்ல பாரு. அதே ஜோக்க மறுநாள் இங்க வந்து சொன்னா, கதவு வரைக்கும் சிரிக்கிறாங்க. ஆகவே, கலை வளரணும்னா அதுக்கு ஒரு ஆபீஸ் வேணும்.”

உம்முவின் தலை மறுபடி ஆடியது. அவருக்கு அதில் உடன்பாடு இல்லை; தலை பாட்டுக்கு ஆடிவிட்டது.

“வெள்ளிக்கிழமை காலைல இங்க விசாரணைக் குழு கூடும். நீ எங்களச் சிரிக்க வைக்கணும். சிரிச்சோம்னா நீ சொன்ன காரணம் உண்மை, அங்கேயே கையெழுத்துப் போட்டு விட்டுடறேன். சிரிக்கலேன்னா காரணம் பொய். ராஜினாமா செல்லாது. சரிதானே?”

சரியில்லை என்று சொல்லத் தெரியாத உம்மு, “சரிங்க சார்” என்று சொல்லிவிட்டு வந்தார்.

வீட்டில் மாமனார் வந்து உட்கார்ந்திருந்தார். அதே ஆணையத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். உம்முவை அங்கே சேர்த்துவிட்டதும் அவர்தான், சேர்த்த கையோடு பெண்ணைக் கொடுத்ததும் அவர்தான்.

“பிடிச்சாலும் பிடிச்சீங்க, புளியங்கொம்பாப் பிடிச்சீங்கன்னு எல்லாரும் சொன்னாங்க மாப்ளே. இப்பக் கொம்ப விட்டுட்டுக் கீழ குதிக்கிறேங்கிறீங்க.”

“கீழ குதிச்சாத்தானப்பா சிரிப்பாங்க” என்றாள் உம்முவின் மனைவி. அவள் தையல் மெஷினில் உட்கார்ந்து, இரண்டு பேர் நுழையலாம் போன்ற ஒரு கால்சட்டைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள்.

“நீ சும்மா இரு. என் பொண்ண நான் எழுத்தருக்குக் குடுத்தேன். கோமாளிக்குக் குடுக்கல.”

“குடுத்தது நீங்க. குடும்பம் நடத்துறது நானு. ஞாயித்துக்கிழமை பூங்காவுலருந்து வரும்போது இவர் நடையே வேற மாதிரி இருக்குப்பா. திங்கக்கிழமை காலைல பாருங்க, பிழிஞ்சு போட்ட துணி மாதிரிப் போறார். வீட்டுச் செலவ நான் தைச்சுப் பாத்துக்கறேன். இவரப் பிழியறத முதல்ல நிறுத்தட்டும்.”

மாமனார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். “சரி. ஆபீஸ் முறையா விட்டா நான் குறுக்க நிக்கல. ஆனா முறைய மீறி ஓடிப்போனார்னு ஒரு பேச்சு வந்துச்சு, அப்புறம் இந்த வாசப்படிய நான் மிதிக்க மாட்டேன். சொல்லிட்டேன்” என்றார். அப்பா சொன்னால் சொன்னதுதான் என்று அவளுக்குத் தெரியும். மெஷின் சற்று நின்று, பிறகு மெதுவாக ஓடியது.

உம்முவுக்கு வேறொரு பயம் இருந்தது. இத்தனை நாளும் யாரிடமும் அவர் அதைச் சொன்னதில்லை. இடுப்பளவு எடுக்க மனைவி டேப்பைச் சுற்றியபோது வாய்விட்டுக் கேட்டுவிட்டார்.

“பசங்க எதுக்கு வேணாலும் சிரிப்பாங்க. பெரியவங்க சிரிப்பாங்களா? எனக்கு நிஜமாவே அது வருமா, வராதா?”

“வரும்ங்க.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“கல்யாணத்தன்னிக்கு ரெண்டு பேருக்கும் சேத்து நான் சிரிச்சேன்ல, அது போட்டோக்காரர் சொன்னதுக்காகன்னா நினைச்சீங்க? உங்க மூஞ்சியப் பாத்துத்தான் சிரிச்சேன். மூச்ச இழுத்துப் பிடிங்க, இடுப்பு அளவு தப்புது.”

வெள்ளிக்கிழமை காலை கூட்ட அறை நிரம்பி வழிந்தது. நடுவில் ஆகவே. வலப்பக்கம் துணை இயக்குநர். எள் என்றால் எண்ணெயாக நிற்பவர். இடப்பக்கம் கண்காணிப்பாளர்கள், தலைமை எழுத்தரம்மா. ஓரத்தில் உம்முவின் மாமனார். முன்னாள் ஊழியர் ஒருவர் குழுவில் இருந்தால் நடுநிலைமையாக இருக்கும் என்று அவருக்கு ஆள் அனுப்ப, மனிதர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு முதல் ஆளாக வந்துவிட்டார். பின்வரிசைகளில் மற்ற ஊழியர்கள். விசிறி ஓடவில்லை என்று கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். வெளியே கூடத்தில் மனு கொடுத்துவிட்டுப் பதிலுக்கு வந்த ஜனங்கள் பெஞ்சுகளில் காத்திருந்தார்கள்.

தொடங்கும் முன் துணை இயக்குநர் எழுந்தார்.

“ஐயா, ஒரு சந்தேகம். எழுத்தர் பண்ற வேடிக்கைக்கு இயக்குநர் சிரிக்கலாமா? சிரிப்புங்கறது நம்ம ஆணையத்துல எப்பவும் மேலருந்து கீழதான் வந்திருக்கு. கீழருந்து மேல ஏறினதா சரித்திரம் இல்ல. ஏற விட்டுட்டோம்னா, நாளைக்கு அவங்க யோசனை ஏறும், அப்புறம் கேள்வி ஏறும். எங்க போய் நிக்கும்னு சொல்ல முடியாதுங்க.”

“ஆகவே,” என்றார் இயக்குநர். அறை முழுக்கத் தலைகள் ஆடின. “நான் சிரிக்க மாட்டேன். ஆனா நான் சர்வாதிகாரி இல்ல. நீங்க எல்லாரும் தாராளமாச் சிரிக்கலாம். எனக்கு அப்புறம்.”

கேட்டீர்களா நியாயத்தை? எல்லோரும் அதை அருமையான ஏற்பாடு என்று ஒத்துக்கொண்டார்கள்.

உம்மு வந்தார். மனைவி தைத்த கால்சட்டை அவருக்கு முன்னால் கொஞ்சம் போய்க்கொண்டிருந்தது. மூக்கு சிவப்பாக இருந்தது, முகம் வழக்கம்போல இருந்தது. நாற்காலியைப் போட்டார், துடைத்தார், உட்காரப் போனார், கால்சட்டை நாற்காலியில் உட்கார்ந்தது, அவர் உட்காரவில்லை. எழுந்து நாற்காலிக்கு ஒரு கும்பிடு போட்டார். அனுமதி கேட்பதுபோல் அதன் காதருகே குனிந்தார். அது ஏதோ குறை சொல்லியிருக்க வேண்டும். சட்டைப் பித்தானைச் சரிசெய்துகொண்டு வரிசையில் போய் நின்றார். வரிசையில் அவர் ஒருவர்தான். அப்படியும் அவர் முறை வரவில்லை.

முன்வரிசையில் ஒரு கண்காணிப்பாளரின் முகம் கத்திரிப்பூ நிறத்துக்குப் போயிற்று. தலைமை எழுத்தரம்மா கைக்குட்டையை வாய்க்குள் திணித்துக்கொண்டார். மாமனார் கண்ணை இறுக மூடி, ஏதோ கணக்கு மனப்பாடம் செய்பவர்போல் உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார். பின்னால் ஒருவர் வெளியே ஓடிப்போய், கழிப்பறைக் கதவைச் சாத்திக்கொண்டார். ஆனால் மூக்குக்குப் பின்னாலிருந்து பார்த்த உம்முவுக்குத் தெரிந்ததெல்லாம் இறுகிப்போன முகங்கள்தான். ஒரு சத்தம் இல்லை. விசிறிகூட ஓடவில்லை.

அவர் மனசு அப்படியே விட்டுப்போயிற்று. வராது, எனக்கு இது வராது, பிள்ளைகள் ஏதோ பாவம் பார்த்துச் சிரித்திருக்கின்றன, அவளும் பாசத்தில் சொல்லியிருக்கிறாள் என்று நினைத்தார். வண்டி கிளம்பப் போகிறது. தாம் அந்த மேசைக்கே திரும்பிப் போய், தூக்கித் தூக்கிப் பார்த்துத் தீவிரம் எழுதிக்கொண்டிருக்க வேண்டியதுதான். நின்ற இடத்திலேயே, தீர்ப்புக்குக் காத்திருப்பவராக, கைகட்டி நின்றுவிட்டார்.

இயக்குநர் அவர் பக்கத்தில் வந்து நின்று பேச ஆரம்பித்தார். கூட்டம் என்றதும் தங்கள் மனுவுக்குத்தான் ஏதோ விடை சொல்கிறார்கள் போலிருக்கிறது என்று வெளியே இருந்த ஜனங்கள் எழுந்து வந்து கதவை அடைத்துக்கொண்டு நின்றார்கள்.

“ஆகவே, இவர் சிரிப்பு மூட்டக்கூடியவர் அல்லன்னு இந்தக் குழு ஒருமனதா முடிவு பண்ணுது.”

உம்மு ஆமாம் என்று தலையாட்டினார். வேண்டுமென்று செய்யவில்லை. அந்தச் சொல் காதில் விழுந்தால் தலை ஆடும், அவ்வளவுதான். தலையோடு சிவப்பு மூக்கும் ஆடியது.

“ஆகவே, சிரிப்புங்கறது ஒரு பொறுப்பு. அது தகுதி உள்ளவங்ககிட்ட மட்டும் இருக்கணும்.”

மூக்கு ஆடியது. கதவருகே குழந்தையை இடுப்பில் வைத்திருந்த ஒரு பெண் “க்ளுக்” என்றாள்.

“ஆகவே, நான் நகைச்சுவையே தெரியாதவன்னு யாரும் நினைச்சிடக் கூடாது.”

மூக்கு மிகுந்த சோகத்துடன், மிகுந்த மரியாதையுடன், ஆழமாக ஆடியது.

அவ்வளவுதான், கதவு வெடித்தது. மனுக்காரர்களுக்கு வரிசை என்ன தெரியும், மெமோ என்ன தெரியும்? மாதக்கணக்கில் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து சேர்த்துவைத்த சிரிப்பு முழுவதையும் கொட்டிவிட்டார்கள். ஒரு பெரியவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். குழந்தைக்காரி குழந்தையைப் பக்கத்து ஆளிடம் கொடுத்துவிட்டுச் சிரித்தாள். இயக்குநர் திகைத்து, “ஆகவே…” என்று இழுத்தார். மூக்கு உடனே ஆடியது. அப்புறம் முன்வரிசை தாங்குமா? தலைமை எழுத்தரம்மாவின் வாயிலிருந்து கைக்குட்டை பறந்தது. மாமனார் நாற்காலியோடு சரிந்தார். துணை இயக்குநர் மட்டும் கையை உயர்த்தி, “நான் இன்னும் சிரிக்கல, எல்லாரும் குறிச்சுக்கங்க, நான் இன்னும் சிரிக்கல” என்று கத்திக்கொண்டிருந்தார்.

அறையைக் காலி செய்வதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. இயக்குநர் எல்லோரையும் அனுப்பிவிட்டு உம்முவை மட்டும் நிறுத்திக்கொண்டார். கதவைச் சாத்தினார். கோபிப்பார் என்று உம்மு எதிர்பார்த்தார். மனிதரின் முகம் வேறு மாதிரி இருந்தது.

“உண்மையச் சொல்லு. அவங்க சிரிச்சது உனக்கா, எனக்கா?”

தனக்குத்தான் என்று சொன்னால் விடுதலை. கையெழுத்துப் போடும் பேனாகூட இயக்குநரின் கையிலேயே இருந்தது. ஆனால் அவர் கேட்ட விதம் இருக்கிறதே, மார்க்கு வந்துவிட்டதா என்று கேட்கிற பையன் மாதிரி இருந்தது. பொய் சொல்ல உம்முவுக்கு என்றைக்கு வந்திருக்கிறது?

“ரெண்டு பேருக்கும்தான் சார். நீங்க பேசலேன்னா நான் எங்க தலையாட்டப் போறேன்?”

“அப்ப நானும் சிரிப்பு மூட்டினேன்?”

“நல்லாவே மூட்டினீங்க சார்.”

இயக்குநர் நாற்காலியில் உட்கார்ந்தார். உம்மு உட்கார முடியாமல் தவித்த அதே நாற்காலிதான். கண்ணாடியைக் கழற்றினார், துடைக்கவில்லை.

“அவங்க யாருக்கும் நான் மேலதிகாரி இல்ல. ஆனாலும் சிரிச்சாங்க” என்றார் மெதுவாக. பிறகு சுறுசுறுப்பாக நிமிர்ந்தார். “நீ போக வேண்டாம். உனக்குன்னு சிரிப்புப் பிரிவு ஒண்ணு ஆரம்பிக்கிறேன். தனி அறை. திங்கக்கிழமை நான் பேசறேன், நீ பக்கத்துல நின்னு தலையாட்டு. போதும்.”

“தலையாட்ட இங்க ஆள் நிறைய இருக்காங்களே சார்.”

“இருக்காங்கப்பா. அவங்க ஆட்டினா யாரும் சிரிக்க மாட்டேங்கறாங்களே!”

உம்முவுக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. சரி என்று சொல்லிவிடுவோமோ என்று ஒரு கணம் பயந்தார். எங்கோ வண்டியின் ஹாரன் கேட்டது.

“கையெழுத்துப் போட்டுடுங்க சார்.”

“எப்படிப் போடுவேன்? பாதிச் சிரிப்புத்தானே உன்னோடது? பாதி கோமாளிய விடுவிக்க விதி இல்ல. மேலிடத்துக்கு எழுதிக் கேக்கணும். ஆகவே, பதில் வர்ற வரைக்கும்…”

இந்தத் தடவை உம்முவின் தலை ஆடவில்லை. அவரே அதைக் கவனித்தார். கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார்.

தாழ்வாரத்தில் மாமனார் நின்றிருந்தார். சலவைச் சட்டை கசங்கி, கண்ணெல்லாம் சிவந்திருந்தது. உம்மு தலைகுனிந்தார்.

“விடல மாமா.”

“விட மாட்டாங்க மாப்ளே” என்றார் மாமனார். “என்னை ரிட்டையர் பண்ணி அனுப்பிட்டாங்கன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். இன்னிக்கு ஆள் அனுப்பினதும் சட்டையத் தேய்ச்சுப் போட்டுக்கிட்டு ஓடி வந்து, சிரிப்பு வந்தும் சிரிக்காம உக்காந்திருந்தேன் பாருங்க, அப்பத்தான் தெரிஞ்சுது. என்னையே இன்னும் விடல. நீங்க கிளம்புங்க. ஓடிப்போனார்னு எவனாவது சொன்னா, நான்தான் துரத்திவிட்டேன்னு சொல்லிக்கறேன்.”

உம்மு மாமனாரின் கையைப் பிடித்துக்கொண்டார். மாமனார் அந்த முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

வாசலில் காவலாளி கையை நீட்டித் தடுத்தார். வேலை நேரத்தில் யாரையும் வெளியே விடக் கூடாது என்பது அவருக்கு உத்தரவு. சிவப்பு மூக்கையும், காற்றில் உப்பிய கால்சட்டையையும், அந்த நீண்ட முகத்தையும் மேலும் கீழும் பார்த்தார்.

“எங்க சார் கிளம்பிட்டீங்க, ஆபீஸ் நேரத்துல?”

“வேலைக்குப் போறேன்ப்பா” என்றார் உம்மு.

காவலாளி, பின்னால் யார் நிற்கிறார்கள் என்று திரும்பிக்கூடப் பார்க்காமல், வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே கதவைத் திறந்துவிட்டார்.